கொடிமலைக்கு இருபுறமும் ஒரே அந்தி

பினாங்கு வானத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் கருத வேண்டியது, ஜார்ஜ்டவுன் கிழக்கு நோக்கிய நகரம் என்பதே. தீவின் வடகிழக்கு முனையில், பெருநிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலமுள்ள கடல்வழியால் பிரிக்கப்பட்டு, பட்டர்வொர்த் துறைமுகத்தை எதிரே பார்த்தபடி அமைந்த இந்நகருக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயரும் கொடிமலையும் அதன் கிளைக்குன்றுகளும் வடக்கு தெற்காக நீண்டு நிற்கின்றன. ஆகவே, மலாக்கா நீரிணையின் நீர்விளிம்பில் சூரியன் இறங்கும் காட்சி மேற்குக் கரையிலுள்ள பாலிக் புலாவ் வட்டாரத்தாருக்கும் வடகரையிலுள்ள பத்து பிரிங்கி மக்களுக்கும் உரியதாக இருக்க, நகரத்தாருக்குக் கிடைப்பது மலைமுகட்டின் பின்னே சூரியன் மறைந்த பிறகு எஞ்சும் ஒளியே. பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்த நீளம் பெற்று, சூரியன் நேர்மேற்கே மறையும் மார்ச், செப்டம்பர் மாதச் சமநாட்களில், நகரின் பழைய கடலோரத் திடலான பாடாங் கோத்தாவில் நிற்பவருக்குச் சூரியன் கொடிமலை உச்சியின் நேர்பின்னே போகிறது. பஞ்சாங்கம் குறிக்கும் மறைவு நேரத்துக்குச் சுமார் இருபது நிமிடம் முன்னரே மலையின் நிழல் நகரின் மேல் விழுந்துவிடுகிறது. இதை ஒரு குறையாக எண்ணும் பயணிகள் உண்டு. ஆனால் நகரிலேயே வாழ்ந்து பல ஆண்டுகள் வானத்தைப் படமெடுத்தவர்களின் அனுபவம் வேறு. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, கிழக்கே பெருநிலத்தின் மேல் நிகழ்வதைப் பார்த்தவர்களுக்கே இந்நகரின் சிறந்த வானப் படங்கள் கிடைத்திருக்கின்றன.

கடிகாரமும் அவர்களுக்குத் துணைநின்றது. மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொதுநேரத்துக்கு எட்டு மணி முன்னதான நேரத்தைப் பின்பற்றி வருகிறது. பினாங்கோ கிரீன்விச்சிலிருந்து கிழக்கே 100 பாகையைச் சற்றே கடந்த நெடுங்கோட்டில் இருப்பதால், சூரியக் கணக்கில் அந்த நேரத்துக்கு ஒரு மணி 19 நிமிடம் பின்தங்கியுள்ளது. இதனால் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒரு மணிக்கு மேல்தான். மறைவதோ பருவத்துக்கேற்ப மாலை 7 மணியை ஒட்டியும் அதன்பின் 7.40 வரையிலும் தள்ளிப்போகிறது. துறைமுகத்திலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் வேலை முடிந்து வந்தவர்கள், வீட்டில் குளித்து, ஒரு குவளை தேநீரும் குடித்துவிட்டுக் கேமராவுடன் கரைக்கு வர இந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் அமைந்த ஊர் என்பதால் சூரியன் சாய்வின்றி ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது. சூரியன் மறைந்தபின் விளக்கில்லாமல் பொருள்களை அடையாளம் காணக்கூடிய அந்தியொளி இருபது நிமிடத்துக்குச் சற்றே மேல் நீடித்து அணைந்துவிடும். ஐரோப்பியப் படக்கலை நூல்கள் ஒரு மணி நேரம் நீளும் பொன்னொளியைப் பற்றிக் கூறும் அறிவுரைகள் இங்கே பயன்படுவதில்லை. பினாங்கில் அந்தியைப் படமெடுப்பவர், நிற்கும் இடத்தையும் கேமராவின் அமைப்பையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

கிழக்கு வானில் அந்த இருபது நிமிடத்துக்குள் நடப்பவற்றை வரிசையாகச் சொல்லலாம். சூரியன் மேற்கே அடிவானத்துக்குக் கீழே இறங்கியதும், கிழக்கு அடிவானத்தில் நீலச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெல்ல எழுகிறது. அது பூமியின் நிழலே, காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து கண்ணுக்குத் தெரிவது. அதன் மேலே இளஞ்சிவப்பு விளிம்பொன்று படர்ந்திருக்கும். பெருநிலத்தின் மேல் பிற்பகல் வெப்பத்தால் எழுந்த திரள்கார்முகில், அதாவது தரைக்கு ஓரிரு கிலோமீட்டர் மேலே தொடங்கிப் பதினைந்து கிலோமீட்டர் வரை வளர்ந்து, மேலே செல்ல இயலாமல் பட்டறைக்கல் வடிவில் பக்கவாட்டில் விரியும் இடிமேகம், அந்த நேரத்தில் அடியிலிருந்து முடிவரை ஒவ்வொரு படியாக ஒளி இழக்கிறது. தரையில் நிற்பவருக்குச் சூரியன் மறைந்த பின்னும், பதினைந்து கிலோமீட்டர் உயரத்திலுள்ள மேகமுடிக்குச் சூரியன் இன்னும் கால் மணி நேரம் போலத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே மேகத்தின் அடி கறுத்து, இடை ஊதாவாகி, முடி மட்டும் தணல்போல் சிவந்து நிற்கும் நிலை உண்டாகிறது. கொடிமலைக்குப் பின்னேயுள்ள மேக இடுக்குகள் வழியாக வரும் கதிர்கள் தலைக்கு மேலே வானத்தைக் கடந்து கிழக்கே மீண்டும் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும் காட்சியும் இங்கே காணக் கிடைப்பது. எதிர்க்கதிர்கள் எனத்தக்க அவை உண்மையில் ஒன்றுக்கொன்று இணையானவை. தண்டவாளத்தின் நடுவே நிற்பவருக்கு இரு புறமும் தூரத்தில் தண்டவாளங்கள் இணைவதாகத் தோன்றுவதே இங்கும் நிகழ்கிறது. அவற்றைப் படத்தில் முழுமையாகப் பிடிப்பது அரிது. மேற்கே தொடங்கும் கதிரும் கிழக்கே முடியும் கதிரும் ஒன்றே என்பதைக் காட்ட, ஒருவர் ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் நிற்க வேண்டும்.

இந்தத் தேவைதான், பிலிம் கேமராக்களின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில், தீவிலும் பெருநிலத்திலும் இருந்த சில தமிழ் நண்பர்களை ஒன்றுசேர்த்தது. அவர்களுள் ஒருவர் பாலிக் புலாவ் பக்கம் குடியிருந்த ஆசிரியர்; ஒருவர் ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு அருகே கடை வைத்திருந்தவர்; ஒருவர் கெடாவிலுள்ள கூலிம் நகரின் புறத்தே தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர்; மூத்தவர் பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், எல்லாருக்கும் அவர் அண்ணன். சங்கமாக அது பதிவு செய்யப்படவில்லை. அதற்குத் தலைவர், செயலாளர் என எவரும் இருந்ததுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் மாமாக் கடை ஒன்றில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடையில், தே தாரிக் கோப்பைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பளிங்கு மேசையைத் துடைத்து, அந்தந்த வாரம் கழுவி வந்த படங்களைப் பரப்பி வைப்பார்கள். இதை எழுதுபவர் அந்த மேசையில் இளையவராக அமர்ந்திருந்தவர்.

படங்களின் அழகைப் பற்றிய பேச்சு அங்கே குறைவு. அண்ணன் படத்தை எடுத்துப் பார்க்கும் முன் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார். அங்கே தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை ஆகிய நான்கும் பென்சிலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "மணி எழுதினியா தம்பி?" என்பதே அவர் கேட்கும் முதற்கேள்வி, எழுதாத படம் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். ரயில்வேயில் நேரப் பதிவேட்டோடு வாழ்ந்தவரின் பழக்கம் என்று முதலில் அதைக் கொண்டவர்கள், பின்னர் அதன் பொருளை உணர்ந்தனர். மேகத்தின் உயரத்தை அளக்க அவர் கற்றுக்கொடுத்த வழியும் எளியது: கையை நேராக நீட்டி முட்டியை மூடினால், அதன் அகலம் கண்ணுக்குச் சுமார் 10 பாகை, அடிவானத்திலிருந்து மேகமுடி எத்தனை முட்டி உயரம் என்று குறித்துக்கொண்டால், மேகம் இருந்த ஊர் தெரிந்தபின் அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஊரைத் தெரிவிப்பதற்கோ, அந்த ஊரில் ஒரு நண்பர் இருக்க வேண்டும்.

இதன் பயன் ஓர் அக்டோபர் மாலையில் முழுமையாக விளங்கியது. அக்டோபர், ஏப்ரல் ஆகியவை இடைப்பருவ மாதங்கள்; தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் மாறிக்கொள்ளும் அக்காலத்தில் பெருங்காற்று வலுவிழப்பதால், கடற்காற்றும் நிலக்காற்றும் மலைகளும் தாமே மேகங்களை எழுப்புகின்றன. அன்று படகுத்துறையிலிருந்து எடுத்த படத்தில், பட்டர்வொர்த்தின் எண்ணெய்க் கிடங்குகளுக்குப் பின்னே பட்டறைக்கல் மேகமொன்று செம்மை பூத்து, மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் வானத்தை மறைத்து நின்றது. பாலிக் புலாவிலிருந்து அதே நேரத்தில் எடுத்த படத்தில் மேகமே இல்லை. வயல்களுக்கு அப்பால் மஞ்சளாக ஓர் அமைதியான அந்தி மட்டும். கூலிமிலிருந்து வந்த படமோ கறுப்பு: ரப்பர் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாசலில் தெருவிளக்கு எரிய, மழைக்கோடுகள் மட்டுமே பதிந்திருந்தன. மூன்றின் பின்புறமும் ஏழு மணியை ஒட்டிய நேரமே எழுதப்பட்டிருந்தது. ஜார்ஜ்டவுனில் கண்ணைக் கவர்ந்த அழகு, முப்பது கிலோமீட்டருக்குள் கூரைகளைப் பிய்த்த புயலின் வெளிப்புறம் என்பதை மேசையிலிருந்த அந்த மூன்று படங்களும் சேர்ந்தே உணர்த்தின. தனித்தனியே பார்த்திருந்தால் ஒன்று அஞ்சலட்டைக்குரிய காட்சி, மற்றொன்று வீணான பிலிம், இன்னொன்று எவரும் திரும்பிப் பாராத இருட்டு. கூலிம் நண்பரின் அந்தக் கறுப்புப் படத்தையே அண்ணன் அன்று நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார்.

வானத்தைப் படமெடுப்பது ஏன் கடினம் என்பதற்குப் பினாங்கின் படக்கலை வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1860களின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் ஏறக்குறைய பத்து மாதம் பினாங்கிலும் எதிரே பெருநிலத்தில் அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட பகுதியிலும் தங்கிப் படமெடுத்தார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த இருவரைத் தாம் பயிற்றுவித்து, படங்களை அச்சிடுவதற்கும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாக, 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் பெயர் சுட்டாமல் குறிப்பிடுகிறார். அக்காலத்து ஈரக்கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் மருந்தைப் பூசி, அது உலரும் முன்பே படமெடுத்து, அருகிலிருக்கும் இருட்டுக் கூடாரத்திலேயே கழுவி முடிக்க வேண்டும். வெப்பநாட்டில் பூச்சு விரைவில் உலரும் என்பதால் உதவியாளரின் கைவேகமே படத்தைக் காப்பாற்றியது. கொதிக்கும் கூடாரத்துக்குள் ஈதர் ஆவியில் நின்று வேலை செய்த அவ்விருவரே இத்தீவில் கேமராவின் தொழிலை அறிந்த முதல் தமிழர்களுள் அடங்குவர் என்று கொள்வது பொருந்தும். பினாங்குத் தமிழரின் வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் இடம் தரப்படாதது வருத்தத்துக்குரியது.

அந்தத் தகடுகளில் வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. மருந்து நீல ஒளிக்கு மிகுதியாகவும் பச்சை, சிவப்புக்கு மிகக் குறைவாகவும் வினைபுரிந்ததால், மரமும் மண்ணும் துலங்கும்வரை ஒளி விட்டால் வானம் எரிந்துபோயிற்று. வானத்துக்கு அளவாக விட்டால் தரை இருண்டது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களின் நடுப்பகுதியில் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டுப் புகழ்பெற்றார். ஒளிவீச்சு, அதாவது ஒரே காட்சியில் மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு, எந்தப் பதிவுப்பொருளின் தாங்குதிறனையும் மிஞ்சிவிடுகிறது என்னும் சிக்கல் பிலிமிலும் தொடர்ந்தது. மேல்பாதி கறுத்துக் கீழ்ப்பாதி தெளிந்த வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸின் முன் வைப்பதும், ஒரே காட்சியை மூன்று ஒளியளவில் எடுப்பதும் குழுவினர் கைக்கொண்ட வழிகள். 1990இல் வந்த ஃபூஜி வெல்வியா என்னும் ஸ்லைடு பிலிம் நிறங்களை அடர்த்தியாகக் காட்டியதால் பலரையும் மயக்கியது. ஒளியளவில் சிறு பிசகும் பொறுக்காத அப்பிலிமில் அந்தியைப் பதிவது கைத்தேர்ச்சிக்குச் சோதனையாகவே இருந்தது. ஈரம் மிகுந்த தீவில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது இன்னொரு தொல்லை. அரிசி டப்பாவில் லென்ஸை வைத்தவர்களும் உண்டு; வசதி வந்தபின் மின்சார ஈரநீக்கிப் பெட்டி வாங்கியவர்களும் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும் என்பதால், அந்திக்கு அரை மணி முன்பே பையைத் திண்ணையில் வைத்துவிடுவது வழக்கமாயிற்று.

மேற்குக் கரையில் ஒருவர் இருப்பதன் அருமை தெரிந்தது சுமத்ராக் காற்றின் காலத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில், இரவு நேரத்தில் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் வீசும் நிலக்காற்றுகள் மலாக்கா நீரிணையின் மேல் சந்தித்து இடிமேகங்களை எழுப்புகின்றன. அவை ஒரே வரிசையாகச் சேர்ந்து, பருவக்காற்றால் கிழக்கே தள்ளப்பட்டு, விடியலை ஒட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்குகின்றன. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையோரமாக முன்னே பாய்ந்து வெதுவெதுப்பான காற்றைத் தூக்கிவிடுவதால், மேக வரிசையின் முன்விளிம்பில் நீண்டு வளைந்த அடுக்குமேகம் ஒன்று உருவாகும். கரும்பச்சைக் கடலின் மேல் அடிவானம் முழுதும் நீண்டு வரும் அந்த மேகமே பினாங்கு வானத்தின் மிகக் கம்பீரமான தோற்றம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அந்திச் சிவப்பு எதுவும் அதற்கு இணையாகாது. ஆனால் ஜார்ஜ்டவுனில் இருப்பவருக்கு அதன் வருகையை மலை மறைத்துவிடும். காற்று தலைக்கு மேல் வந்தபின்தான் தெரியும். பாலிக் புலாவ் ஆசிரியர் விடியற்காலையில் தொலைபேசியில் ஒரு முறை மணியடிக்கவிட்டு வைத்துவிடுவார்; அதுவே அடையாளம். அதன்பின் கர்னி டிரைவ் கடற்சுவருக்கு ஓடுவதற்கு நேரம் இருந்தது. கடற்காற்றை எதிர்பார்த்துச் சென்ற படகுக்காரர்களுக்கு இதே காற்று உயிர்க்கேடு விளைவித்ததும் உண்டு என்பதைத் தெலுக் கும்பார் மீனவர்களிடம் கேட்டறிந்தவர்கள், அம்மேகத்தை வெறும் காட்சியாகக் கண்டதில்லை. மின்னல் பளிச்சிட்டதற்கும் இடி கேட்பதற்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, முப்பது விநாடிக்குள் வந்தால் முக்காலியை மடக்கிவிட வேண்டும் என்னும் விதியை அண்ணன் எவருக்கும் தளர்த்தியதில்லை.

பாடாங் கோத்தாவிலிருந்து வடக்கே, கடலுக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் தெரியும். சோழர் காலத்தில் கடாரம் எனப்பட்ட நிலத்தின் மலை அது. வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்குக் கரையின் முதல் அடையாளமாக இருந்ததும் அதுவே. படமெடுப்போருக்கு அம்மலை ஓர் அளவுகோல். ஜெராய் கோடுபோலத் துலங்கினால் காற்று தெளிவு. மங்கலாகத் தெரிந்தால் ஈரப்பதம் மிகுதி. அறவே மறைந்தால் மழையோ புகையோ இடையில் உண்டு. 1997இலும் 2015இலும் சுமத்ரா, களிமந்தான் பகுதிகளின் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்தபோது, அதாவது மட்கிய தாவரப் பொருள் ஆழமாகப் படிந்த சதுப்பு மண்ணே தீப்பிடித்துப் புகைந்தபோது, ஜெராய் பல வாரங்கள் காணாமற்போயிற்று. சில நாட்களில் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டர்வொர்த்தும் மறைந்தது. புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுடையவை என்பதால், அவை வானத்தின் நீலத்தை அழித்து வெளிர்சாம்பலாக்கி, சூரியனைக் கதிரற்ற செவ்வட்டமாக்குகின்றன. அத்தகைய சூரியனை அழகென்று படமெடுத்து வந்த புதியவர் ஒருவரிடம், அந்த வாரம் குழந்தைகள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் வரிசையில் நின்றதை ஆசிரியர் எடுத்துச் சொன்னார். அதன்பின் புகைக்காலப் படங்கள் தனி உறையில் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் அன்று அரசு அறிவித்த காற்றுமாசுக் குறியீட்டு எண்ணும் எழுதப்பட்டது.

பல இடத்தவர் தம் வானத்தைக் குறித்துவைத்து ஒன்றுசேர்த்ததால் அறிவியலுக்கே புதிய உண்மை கிடைத்த நிகழ்வு ஒன்று இந்தக் கடலுக்கு அருகிலேயே தொடங்கியது. 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அடுத்த மாதம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, பின்னாளில் கோடைக்கானல் வானாய்வகத்தை நிறுவிய மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து எழுதினார். தொடர்ந்து உலகெங்கும் அந்தி வானம் தீப்பற்றியது போலச் சிவந்தது. இலண்டன் அரசக் கழகம் குழு அமைத்து, எந்த ஊரில், எந்த நாளில், என்ன நிறம் கண்டனர் என்னும் செய்திகளைக் கப்பல் மாலுமிகளிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் திரட்டி 1888இல் பெரும் அறிக்கையாக வெளியிட்டது. அச்செய்திகளை நாள்வாரியாக நிலப்படத்தில் வைத்தபோது, எரிமலைத் தூசு நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி விரைந்து, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றிவந்தது தெரிந்தது. மேகங்களுக்கும் மேலே வீசும் ஒரு பெருங்காற்று, அதைத் தொட்டறியும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், வானத்தின் நிறத்தாலேயே வெளிப்பட்டது. தேதியில்லாத ஒரு சிவந்த அந்திக்கு அந்த ஆய்வில் இடமிருந்திருக்காது. 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினாத்துபோ எரிமலை வெடித்தபின் அந்தியொளியில் ஊதா நிறம் கூடியதைக் குழுவினரும் கண்டனர். அண்ணன் அந்த ஆண்டின் படங்களை மட்டும் தனியே கட்டிவைத்ததற்குக் காரணம், மாமாக் கடை மேசையில் அவர் சொன்ன இந்தக் கிரக்கத்தோவா வரலாறே.

மேகங்களுக்குப் பெயரிட்ட வரலாறும் இதே பகிர்வின் வரலாறுதான். 1802இல் இலண்டன் மருந்தாளர் லூக் ஹோவர்டு திரள், படலம், கீற்று என்னும் மூன்று அடிப்படை வகைகளை முன்வைத்தார். அவ்வகைப்பாடு ஐரோப்பாவுக்கு மட்டும் பொருந்துமா, வெப்பநாட்டுக்கும் பொருந்துமா என்னும் ஐயம் நீடித்ததால், ரால்ஃப் அபர்குரோம்பி என்பவர் 1880களில் கேமராவோடு உலகைச் சுற்றி, எல்லா நிலத்திலும் மேகத்தின் வடிவங்கள் ஒன்றே என்று காட்டினார். 1896இல் முதல் அனைத்துலக மேகப் படத்தொகுதி வெளிவந்தது. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பதுபோல் தோன்றும் ஆஸ்பெரிட்டாஸ் என்னும் வகை புதிதாகச் சேர்க்கப்பட்டதற்கு, 2005இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மேக ஆர்வலர் சங்கத்துக்குப் பொதுமக்கள் பல நாடுகளிலிருந்து அனுப்பிய படங்களே வித்து.

கைப்பேசிக் கேமரா வந்தபின் பகிர்வு எளிதாயிற்று. படத்தின் பின்புறம் மறைந்துவிட்டது. கைப்பேசி பல ஒளியளவுகளில் தானே எடுத்துத் தானே இணைப்பதால், லெ கிரே இரு தகடுகளில் செய்ததை இன்று பள்ளிப் பிள்ளையும் நொடியில் செய்கிறது. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதே கருவி, அந்தியின் மஞ்சளைக் குறையாகக் கருதி வெளிறச் செய்வதும், இல்லாத சிவப்பைக் கூட்டுவதும் உண்டு. நிறச்சமன் அமைப்பைப் பகலொளிக்கு நிலைநிறுத்திவிட்டால் வானத்தின் உண்மை நிறம் ஓரளவு காக்கப்படும். இதைவிடப் பெரிய இழப்பு, படம் கைமாறக் கைமாற அது எடுக்கப்பட்ட நேரமும் இடமும் உதிர்ந்துபோவது. 2017 நவம்பரில் பினாங்கைப் பெருவெள்ளம் மூழ்கடித்ததற்குப் பின், ஒவ்வொரு பெருமழைக்கும் வேறு ஊரின், வேறு ஆண்டின் கருமேகப் படம் ஒன்று இன்றைய வானமென்று சுற்றிவருகிறது. அதைக் கண்டு வேலையை விட்டுப் பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கு ஓடிய பெற்றோர் பட்ட கலக்கம் சிறிதன்று. நேரம் எழுதாத வானப்படம் அச்சத்தை மட்டுமே பரப்ப வல்லது.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடகிழக்குப் பருவக்காற்றைத் தீபகற்பத்தின் நடுமலைத்தொடர் தடுத்துவிடுவதால் அக்காலம் பினாங்குக்கு வறண்டது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்போரின் பாதங்களைத் தார்ச்சாலை சுட, மேலே மேகமற்ற நீலம் விரிந்திருக்கும். குழுவினர் அந்நாட்களில் வானத்தை விட்டுத் தேரின் பின்னே போய்விடுவார்கள்.

அண்ணன் காலமானபின் அவருடைய பிள்ளைகள் படங்கள் அடங்கிய தகரப் பெட்டிகளை நண்பர்களிடம் ஒப்படைத்தனர். இப்போது அவை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்படுகின்றன. முன்புறம் ஒரு முறை, பென்சில் எழுத்துள்ள பின்புறம் ஒரு முறை. அவருக்கும் முன்னே, அவர் தந்தை காலத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றில் மட்டும் எந்தக் குறிப்பும் இல்லை. அவை பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து மேற்கே தீவை நோக்கி எடுக்கப்பட்டவை என்பதால், சூரியனே ஒரு வழி காட்டுகிறது: அங்கிருந்து பார்க்கையில் சூரியன் ஜூன் இறுதியில் கொடிமலைக்குச் சற்றே வடக்கிலும், டிசம்பர் இறுதியில் தெற்கே பாயான் லெப்பாஸ் நோக்கி இறங்கும் குன்றுகளின் மேலும் மறைகிறது, இவ்விரண்டுக்கும் இடையே மலைவரிசையில் எந்த இடத்தில் சூரியன் தொடுகிறதோ அதைக் கொண்டு மாதத்தைக் கணிக்கலாம். ஆனால் ஒவ்வோர் இடத்தையும் சூரியன் ஆண்டில் இருமுறை, தெற்கே போகையில் ஒரு முறையும் வடக்கே திரும்புகையில் ஒரு முறையுமாகக் கடப்பதால், விடை எப்போதும் இரண்டாகவே வரும். மேகத்தின் வகை, கடலில் தெரியும் படகுகள், கரையில் எழுந்திருக்கும் கட்டடங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒன்றை விலக்க முடிந்த படங்களுக்கு மாதம் குறிக்கப்பட்டுள்ளது. முடியாதவற்றின் பின்னே, அண்ணன் பயன்படுத்திய அதே வகைப் பென்சிலில், 'ஏப்ரல் அல்லது ஆகஸ்ட்' என்று எழுதப்பட்டுள்ளது.